சாமி முன்னால் வைத்த இரண்டு பொட்டலங்கள்

அன்புள்ள மகனுக்கு,

சொல்வது அம்மா, எழுதுவது உன் தங்கை. கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டுமாம். எட்டாம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறாள். சரி, இங்கே நான் நலம், இவள் நலம், பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா நலம். உன் அப்பா மட்டும் நலமில்லை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு வந்தபோது நீ சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. போனில் பேசலாம் என்றால் நீ எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறாய். நீ மீட்டிங்கில் இல்லாத நேரத்தில் உன் அப்பா பக்கத்தில் இருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டால்தான் அது போன் என்று நினைக்கிறவர் அவர். அப்புறம் நாம் பேசுவது செல்லூரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். எனக்கு பஸ் போர்டு படிக்க வரும், அதற்கு மேல் வராது. நான் வாயில் வந்ததைச் சொல்லச் சொல்ல இவள் அதைப் புத்தகத் தமிழாக மாற்றி எழுதுகிறாள். நான் சொன்னதை எல்லாம் எழுதுகிறாயா என்று கேட்டால் தலையை ஆட்டுகிறாள். உனக்குத்தான் தெரியுமே, இவள் தலையை ஆட்டினால் ஆமாமா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்கே தனியாக ஒரு ஆள் வேண்டும்.

எதற்கு இந்தக் கடிதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தங்கை பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுத ஆசைப்படுகிறாள். படிப்பை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. மும்தாஜ் அக்கா மகளுடைய பழைய புத்தகங்களை வாங்கி வந்து, தார் சுற்றும் மெஷினுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிக்கிறாள். தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலையில் கைக்குத்தான் வேலை, கண் சும்மாதான் இருக்கிறது என்கிறாள். உன் அப்பாவிடம் கேட்டேன். "என்னையக் கேக்காத. நான் அறிவு இல்லாதவன். சாமியக் கேப்போம்" என்று சொல்லிவிட்டார். சித்திரை கடைசி வெள்ளிக்கிழமை, உசிலம்பட்டிக்கு மேற்கே நம் குலசாமி கோயிலில் பூக்கேட்கப் போகிறோம். உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, இரண்டையும் சாமி முன்னால் வைத்து ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. அந்த வெள்ளிக்கிழமை நீ வர வேண்டும். ஏன் வர வேண்டும் என்பதைச் சொல்லத்தான் மிச்சக் கடிதம்.

பொங்கலுக்கு மறுநாள் நடந்ததை நீ எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாயோ தெரியாது, நான் இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். உன் அப்பா ஒரு தறி மோட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்து பழுது பார்த்தார். முடித்ததும் வழக்கம்போல ஒரு சூடத்தைப் பொருத்தி அதற்குக் காட்டினார். நீ சோபாவில் படுத்துக்கொண்டு சிரித்தாய். "மோட்டாருக்குச் சூடம் காட்டுறதுக்குப் பதிலா வயர ஒழுங்கா மாட்டுனாலே ஓடும்ப்பா" என்றாய். அவர் கோபப்படவில்லை. "அப்ப நீயே மாட்டி ஓட்டேன், பாப்போம்" என்றார். நீ எழுந்து வந்து மாட்டினாய். சுவிட்சைப் போட்டாய். நம் வீட்டு பியூஸ் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, மும்தாஜ் அக்கா வீட்டு பியூஸும் சேர்ந்து போனது. "எவன்டா அவன், எனக்கு மாவு பாதிதான் அரைஞ்சிருக்கு" என்று அவர் சந்தில் நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. உன் அப்பா இரண்டு வீட்டு பியூஸையும் போட்டுவிட்டு, நீ மாட்டிய வயரைக் கழற்றி மாற்றி மாட்டிவிட்டு, மறுபடியும் ஒரு சூடம் காட்டினார். மோட்டார் ஓடியது. அப்போதுதான் நீ சொன்னாய். "சாமி கும்பிடுறதே அறிவு இல்லாததுனாலதாம்ப்பா. நாலு புத்தகம் படிச்சிருந்தீங்கன்னா இப்படி இருக்க மாட்டீங்க." வெட்கத்தில்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். மும்தாஜ் அக்கா கத்தாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாய். ஆனால் சொல்லிவிட்டாய். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். வந்தபோது நீ பஸ் ஏறியிருந்தாய்.

அன்றிலிருந்து இந்த மனிதர் அறிவாளி ஆவதற்கு முயற்சி செய்கிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை. உன் தங்கையின் அறிவியல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துப் படிக்கிறார். ஒரு நாள் காலையில் என்னை எழுப்பி, "சூரியன்லருந்து வெளிச்சம் இங்கன வந்து சேர எம்புட்டு நேரம் ஆகும் தெரியுமா? எட்டு நிமிசம்" என்றார். நான் கறிவேப்பிலை வாங்கப் போகும்போது பின்னாலேயே வந்து காய்க்காரம்மாவிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். "அண்ணே, இங்க டீ வரவே பத்து நிமிசம் ஆகுது, நீங்க சூரியனுக்குப் போயிட்டீங்க" என்று டீ மாஸ்டர் சொன்னதும் கடையே சிரித்திருக்கிறது. அதோடு டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நெற்றியில் மூன்று விரலுக்குப் பட்டை போடுகிறவர் இப்போது ஒரு விரலுக்குப் போடுகிறார். நீ வீடியோவில் கூப்பிட்டால் அதையும் துண்டால் துடைத்துவிட்டு வந்து உட்காருகிறார். நீ கவனித்திருக்க மாட்டாய். நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

இதில் இன்னொரு கூத்து என்னவென்றால், அந்த வார்த்தை அவருக்கு வசதியாகவும் போய்விட்டது. கத்திரிக்காய் வாங்கி வாருங்கள் என்றால், "சொத்தை பாத்து எடுக்க அறிவு வேணும்ல, நீயே போயிட்டு வா" என்கிறார். உன் பெரியப்பா வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்யலாம் என்றால், "படிச்சவுகளக் கேளுங்க" என்கிறார். தெருமுனையில் நின்றுகொண்டே செட்டுக்குள் ஓடும் தறிச் சத்தத்தைக் கேட்டு, மூணாவது தறியில் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற மனிதர் அவர். முதலாளிகள் அதற்காகத்தான் ஆள் அனுப்பி இவரைக் கூட்டிப்போகிறார்கள். அதை அறிவு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. சாமி பெயரைச் சொல்லாமல் முதல் நட்டைத் திருக மாட்டார் என்பதும் உண்மைதான். இரண்டும் ஒரே ஆள்தான்.

நீ சொன்னதை நானும் மூன்று மாதமாகத் தார் சுற்றிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். சாமி கும்பிடுகிறவர்கள் எல்லாம் அறிவில்லாதவர்களா? உனக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. எதையோ பார்த்துப் பயந்துவிட்டாய். டாக்டரிடம் கூட்டிப் போனேன், மாத்திரை கொடுத்தார். வேப்பிலை அடித்தேன். மும்தாஜ் அக்கா, "பள்ளிவாசல்ல ஓதி ஊதுனா சரியாப் போயிரும், வா" என்று கூப்பிட்டார். போகலாமா என்று டாக்டரிடமே கேட்டேன். "போயிட்டு வாங்கம்மா, ஆனா மாத்திரையை நிறுத்திராதீங்க" என்றார். சாயங்காலம் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களுக்கு முன்னால் உன்னைத் தூக்கிக்கொண்டு பத்துப் பெண்களோடு நானும் நின்றேன். தாடி வைத்த ஹஜ்ரத் ஒருவர் குனிந்து ஓதி உன் முகத்தில் ஊதினார். நீ மூச்சை நன்றாக இழுத்து அவர் முகத்தில் திருப்பி ஊதினாய். அவர் சிரித்துவிட்டார். "காய்ச்சல் எல்லாம் எனக்கு வந்திருச்சும்மா, பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மும்தாஜ் அக்கா அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். மறுநாள் காய்ச்சல் விட்டது. மாத்திரையா, வேப்பிலையா, ஊதியதா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எனக்குத் தெரிந்த எல்லாக் கதவையும் தட்டுவேன். அதில் எந்தக் கதவு திறந்தது என்று பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை, வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

உன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. உன் பெரியப்பாவையே எடுத்துக்கொள். பல்லி சத்தம் கொடுத்தால்தான் வண்டியை எடுப்பார். ஆனால் அந்த வண்டிக்கு இன்றைக்கு வரைக்கும் லைசென்ஸ் எடுத்ததில்லை. அவரைப் பார்த்து நீ சொல்லியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து தலையாட்டியிருப்பேன். ஆனால் அப்பா வேலைக்குப் போகிற செட்டில் ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். சாமி எல்லாம் சும்மா என்று நாள் முழுக்கப் பேசுவார், கேட்க நன்றாகத்தான் இருக்கும். அவர் போனில் யாரோ அனுப்பியதை நம்பி, முடி வளரும் என்று மூன்று வாரம் தலையில் வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தார். செட்டுக்குள் யாரும் மூச்சு விட முடியவில்லையாம். முடியும் வளரவில்லை. அதனால் கும்பிடுகிறவன் முட்டாள், கும்பிடாதவன் கெட்டிக்காரன் என்று பிரித்து வைப்பதற்கு எனக்கு வரவில்லை. நான் பார்த்த வரையில் எல்லோரும் எதையோ ஒன்றை விசாரிக்காமல் நம்புகிறார்கள்.

இப்போது நான் உன்னிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இதைப் பத்து வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. நீ பன்னிரண்டாவது முடித்துச் சென்னையில் இடம் கிடைத்தபோது, ஒரே பையனை அம்புட்டுத் தூரம் அனுப்பக் கூடாது என்று உன் பெரியப்பா குதித்தார். உன் அப்பாவுக்கு உன்னை அனுப்ப ஆசை. ஆனால் அண்ணனை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அதனால் குலசாமியிடம் பூக்கேட்போம் என்றார். சாமி சொன்னால் பெரியப்பா வாயைத் திறக்க முடியாது இல்லையா. நீ அன்றைக்கும் இப்படித்தான் கத்தினாய். "என் படிப்பை ஒரு பூவா முடிவு பண்ணும்?" என்று கேட்டாய். பூக்கேட்பதற்கு முந்தின நாளே கோயிலுக்குப் போய்த் தங்கினோம். மறுநாள் காலையில், பொங்கல் வைக்கத் தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி கோயிலுக்குப் பின்னால் போனேன். பூசாரி பூப் பறித்துக்கொண்டிருந்தார். இப்போது இருக்கிறவர் இல்லை, அவருடைய அப்பா. "அண்ணே, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வச்சிருங்க. பிள்ளை படிக்கணும்" என்றேன். சாமிக்குக் கேட்டுவிடுமோ என்று சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த மனிதர் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாயி, நேத்துச் சாயங்காலம் உன் வீட்டுக்காரரு வந்து இதையேதான் சொன்னாரு. காலையில விடியறதுக்குள்ள உன் மகன் வந்து இதையேதான் சொன்னான். இப்ப நீ வந்திருக்க. இன்னும் யாராச்சும் வரணுமா, இல்ல நான் பொட்டலத்தைக் கட்டவா?" என்றார்.

ஆமாம், நீ போனது எனக்குத் தெரியும். மெமரி கார்டில் நூறு சாமிப் பாட்டு ஏற்றிக் கொடுத்தாயாம். அவர் எனக்கு எடுத்துக் காட்டினார். பூவெல்லாம் பொய் என்று கத்தியவன், பூவுக்காக விடியும் முன் எழுந்து போய் நூறு பக்திப் பாட்டு கொடுத்திருக்கிறாய். நான் அன்றைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாமி முன்னால் நின்றது எனக்குத்தான் தெரியும். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு உதடு துடிக்கக் கும்பிட்டார். நீ கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றாய். பெரியப்பா பயந்துபோய் நின்றார். எங்களில் ஒருவருக்கும் மற்றவர் பூசாரியைப் பார்த்தது தெரியாது, என்னைத் தவிர. பொட்டலத்தை எடுத்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? உன் தங்கைதான். ஏழு வயது. பாவாடை தடுக்கத் தடுக்க ஓடிப் போய், இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, ரொம்ப யோசித்து ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அன்றிலிருந்து பல வருடம், "எங்கண்ணன் காலேஜ் போனதே நான் எடுத்த பூவுனாலதான்" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இவள் யாரிடமும் பேச மாட்டாள் என்று நினைக்காதே, அந்த ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரிடமும் பேசினாள்.

சாமியை ஏமாற்றினோமா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. அந்தச் சாமிக்குத் தெரியாமல் அந்தப் பூசாரிக்கு ஒரு வார்த்தைகூடப் போயிருக்காது என்றுதான் நான் நம்புகிறேன். கோபித்துக்கொண்டிருந்தால் நீ காலேஜை முடித்திருக்க மாட்டாய். முதல் செமஸ்டரில் கணக்கில் போனாயே, ஒருவேளை அந்த அளவுக்கு மட்டும் கோபித்திருக்கலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு அந்தக் கோயிலில் அறிவில்லாமல் நின்றவர் யாரும் இல்லை. வேண்டியதை எப்படி வாங்குவது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதைச் சொல்லும்போது உன் தங்கை எழுதுவதை நிறுத்திவிட்டாள். என்னடி என்றேன். "மை வரல" என்றாள். பேனாவை உதறினாள். வேறு பேனா எடுத்து வந்தாள். அவள் நிறுத்தியதையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். எழுதியிருக்கிறாளா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்ததையும் எழுது என்றுதான் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் இவள் எட்டாவது முடித்தாள். அந்தப் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. ஒன்பதாவதுக்குப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போக வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் இவளை சிம்மக்கல் கடைக்குத் தனியாக அனுப்பினேன். கூட்டத்துக்குள்ளிருந்து 'இறங்கணும்' என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, நிறுத்தத்தைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரை போய், அங்கிருந்து வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தாள். வாங்கச் சொன்னதையும் வாங்கவில்லை. உன் அப்பா பயந்துவிட்டார். வாயைத் திறக்காத பிள்ளையைத் தினமும் எப்படி அனுப்புவது என்றார். பூக்கேட்போம் என்றார். உன்னிடம்கூட போனில் கேட்டோம். நீ அப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருந்தாய். "உங்க இஷ்டம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். கூப்பிடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் கோயிலுக்குப் பின்னால் போகவில்லை. உன் அப்பாவும் போகவில்லை. அதற்குள் கண் தெரியாமல் போய் பழைய பூசாரி படுத்துவிட்டார் என்று சாக்குச் சொல்லலாம்தான். ஆனால் அது எனக்குக் கோயிலுக்குப் போன பிறகுதான் தெரியும். போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. எனக்கு அப்போது தோள்பட்டை வலி. தார் சுற்ற ஒரு கை வேண்டியிருந்தது. உன் பெரியப்பாவின் பேரன் போய் எடுத்தான். சிவப்பு வந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. சாமி சொல்லிவிட்டது என்று அன்றைக்குச் சாயங்காலமே எல்லோரிடமும் சொன்னேன். உன் தங்கை அழவில்லை. வரும்போது பஸ்ஸில், "அண்ணனுக்கு எடுத்த மாதிரி நானே போயி எடுத்திருக்கலாமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த விஷயம். உனக்கு என்றால் சாமி கும்பிட்டுக்கொண்டே அறிவையும் வேலை செய்ய வைத்தோம். இவளுக்கு என்றபோது அறிவைத் தூங்க வைத்துவிட்டு, மொத்தத்தையும் சாமி தலையில் போட்டுவிட்டோம். அது சாமி செய்த தப்பு இல்லை. இந்தக் குடும்பத்தில் அன்றைக்கு நிஜமாகவே நம்பிக்கையோடு சாமி முன்னால் நின்றவள் இவள் ஒருத்திதான். அதற்காக இவளை அறிவில்லாதவள் என்று நீ சொன்னால், நான் இங்கிருந்து பஸ் ஏறி வந்துவிடுவேன்.

இப்போது புதுப் பூசாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழையவரின் மகன். ரொம்ப நேர்மையான பிள்ளை. நமக்கு அதுதான் கஷ்டம். போன மாதம் மும்தாஜ் அக்கா வீட்டுக்கு முறுக்கு பிழியப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, உசிலம்பட்டி பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்தேன். சுற்றி வளைத்துப் பேசினேன். அவர் புரிந்துகொண்டு, "அத்தை, அதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சு. நான் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் பொட்டலம் மடிக்கிறேன். மடிக்கிறதப் போன்ல வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புறேன். யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாதுல்ல?" என்று பெருமையாகச் சொன்னார். நல்ல பிள்ளையாக இருக்கிறாயே என்று பாராட்டிவிட்டு, போட்டுக்கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய. அதனால் சித்திரை கடைசி வெள்ளிக்கிழமை சிவப்பு வந்தால் சிவப்புதான். உன் அப்பா அதற்கு மேல் யார் பேச்சையும் கேட்க மாட்டார்.

ஆகவே நீ வா. வியாழக்கிழமையே வந்துவிடு. சாமி உண்டா இல்லையா என்று அவரோடு பேச வேண்டாம், அதில் நீங்கள் இரண்டு பேரும் ஜெயிக்கப் போவதில்லை. அறிவு இல்லாதவர் என்று சொன்னது தப்பு என்று சொல். மன்னிப்புக் கேட்பது உனக்கு வராது என்றால், ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து இது ஏன் ஓடவில்லை என்று அவரிடம் கேள். அவருக்குப் புரிந்துவிடும். அவர் பழையபடி மூன்று விரலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும், இந்தப் பிள்ளையின் படிப்பை நீங்களே முடிவு பண்ணுங்கப்பா, பூவெல்லாம் வேண்டாம் என்று கேள். அவர் தானாக ஒரு முடிவு எடுப்பார் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. எடுக்காவிட்டால், நீ என்ஜினியர்தானே, கண்ணைக் கட்டிக்கொண்டு பொட்டலம் மடிக்கிற ஆளை என்ன செய்யலாம் என்று நீயே யோசித்து வை.

நீ சின்ன வயதில் மார்க் ஷீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பாய். ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போதுதான் அந்தப் படத்தை எடுப்போம் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் அதற்கு முன்பே நான் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்திருக்கிறேன். இதையும் இன்றைக்குச் சொல்லிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை பொங்கலுக்கு வெல்லம் நான் வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணே, இதற்குக் கீழே இருப்பது அம்மா சொன்னது இல்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டவும் இல்லை.

பரீட்சைக்கு நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன். பத்து நாள் ஆகிறது. அறிவியல் செய்முறை வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். ஒப்புகைச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆயுத பூஜை வரை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அம்மா பார்ப்பார் என்பது இதை எழுதும்போதுதான் தெரிந்தது. இந்நேரம் பார்த்திருப்பாரோ என்னவோ.

வெள்ளிக்கிழமை நீ பூசாரியை ஒன்றும் செய்ய வேண்டாம். விண்ணப்பம் போடப் போகும் முன்பு சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். உத்தரவு கேட்கவில்லை. சிவப்பு வந்தாலும் நான் பரீட்சை எழுதுவேன். அதை அப்பாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். நீ பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும்.

விண்ணப்பம் போட சிம்மக்கல்லுக்கு பஸ்ஸில் தனியாகத்தான் போனேன். நல்ல கூட்டம். "இறங்கணும்" என்று சொன்னேன், கண்டக்டருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. இறங்கிவிட்டேன்.

அப்பாவுக்கும் முதல் தடவை கேட்காது என்றுதான் நினைக்கிறேன்.